கௌசலா சின்னம்மாவால் உடைக்க முடியாத வண்டி

கௌசலா சின்னம்மாவிடம் யாராவது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “உடைக்கிறேன்” என்பார். கேட்டவர் சிரிப்பார். சின்னம்மா சிரிக்கமாட்டார்.

கிள்ளானில் ரயில் பாதையை ஒட்டி இருக்கும் ஜெயராஜ் பட்டறையில் எந்தப் புதுச் சாமான் செய்தாலும் அது முதலில் அவர் கைக்குத்தான் போகும். அவர் அதை உடைத்துக் காட்ட வேண்டும். எங்கே உடைகிறது, என்ன செய்தால் உடைகிறது என்று தெரிந்து, அந்த இடத்தைச் சரிசெய்த பிறகுதான் அது வாசலைத் தாண்டும். உடையாத சாமானை அந்தக் குடும்பம் வெளியே விடுவதே இல்லை. “உடையலன்னா எப்படி உடையும்னு நமக்கு இன்னும் தெரியலன்னு அர்த்தம். அதை எப்படி ஊரான் கையில குடுக்கிறது?” என்பது சின்னம்மாவின் கட்சி.

ஆறு வருஷம் கப்பல்களிலும் அயலூர்களிலும் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த வாரத்தில், அவரால் உடைக்க முடியாத ஒரு வண்டி பட்டறையின் நடுவில் நின்றுகொண்டிருந்தது. வீடே கலங்கிப் போயிருந்தது.

இதைச் சொல்வதற்கு முன் எங்கள் வண்டிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் இதை விளக்கி விளக்கியே எனக்கு வாய் வலித்திருக்கிறது. அங்கே பாதி உலகம் இன்னும் நிலக்கரிப் புகைக்குள் இருமிக்கொண்டிருக்கிறது. பூமிக்கடியில் கிடைக்கும் கறுப்பு எண்ணெயை எரித்து வண்டி ஓட்டலாம் என்று நூறு வருஷத்துக்கு முன் சிலர் முயன்று, கையைச் சுட்டுக்கொண்டு விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் எண்ணெய் என்றால் தலைக்கும் வாணலிக்கும்தான். வண்டியை ஓட்டுவது ரப்பர். ஒவ்வொரு வண்டியின் வயிற்றிலும் யானைத் துதிக்கை கனத்தில் ஒரு ரப்பர் வடம் கிடக்கும். ஆற்றுத் தண்ணீரில் சுழலும் சக்கரத்தில் மாட்டி அதை முறுக்கிவிடுவார்கள். பிறகு வடம் தன்னைத்தானே அவிழ்த்துக்கொள்ளும்போது சக்கரங்கள் உருளும். வடம் தீர்வதற்குள் அடுத்த முறுக்கு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போக வழியில் மூன்று நான்கு இடத்திலாவது நிற்க வேண்டும், நின்ற இடத்திலெல்லாம் வரிசை. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பாதித் தூக்கத்தை அந்த வரிசையில்தான் தூங்குகிறார்கள்.

ஜெயராஜ் பெரியப்பாவின் குடும்பம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய குடும்பம். ரப்பரை முறுக்குவதும் அவிழ்ப்பதும் அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது. தேங்காய் துருவி, தானாக மடங்கும் குடை, மழை வந்தால் துணியைச் சுருட்டி உள்ளே இழுக்கும் கொடி என்று மூன்று தலைமுறையாக எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்தால்கூட ஒருவர் கையில் திருப்புளி இருக்கும்.

கௌசலா சின்னம்மா, என் அம்மாவின் தங்கை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரர். எங்கள் தாத்தா சிவேந்திரன் ரயில்வேயில் கிளார்க். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பங்களில் அப்போது மாப்பிள்ளை என்றால் அரசாங்க உத்தியோகம். சின்னம்மா, ஜெயராஜ் பெரியப்பாவின் தம்பி ராதாகிருஷ்ணனைத்தான் கட்டுவேன் என்று நின்றபோது தாத்தா கேட்ட ஒரே கேள்வி, “அந்த வீட்டில ஒருத்தருக்காவது பென்ஷன் இருக்கா?” ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

புகுந்த வீட்டுக்குப் போன முதல் வாரமே சின்னம்மா ஒரு சாமானை உடைத்தார். குடும்பத்தின் பெருமையான, தானாக மாவரைக்கும் கல். காலையில் வடத்தை முறுக்கிவைத்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று அதைத் தூக்கி வெயிலில் வைத்தார். முறுக்கிய ரப்பர் சூடு ஏறினால் இன்னும் இறுகும் என்பது கிளார்க் மகளுக்கு எப்படித் தெரியும்? பத்து மணிக்கு முற்றத்தில் ஒரு வெடிச்சத்தம். உளுந்து மாவு கூரை ஓட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. இரும்புச் சட்டம் கொக்கியாக வளைந்து கிடந்தது.

சின்னம்மா அறைக்குள் போய்ப் பெட்டியில் சேலைகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். இன்றைக்கே பிரிக்பீல்ட்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தார். கதவு தட்டப்பட்டது. காதில் பென்சிலோடு ஜெயராஜ் பெரியப்பா நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

“கௌசலா, எப்படிம்மா உடைச்சே?”

“தெரியாம செஞ்சிட்டேன் அத்தான். மன்னிச்சிருங்க.”

“மன்னிப்பு கெடக்கட்டும்லா. நாங்க ஆறு மாசமா உருட்டிட்டிருக்கோம், ஒருத்தனுக்கும் வெயில்ல வைக்கணும்னு தோணல. இன்னொன்னு முறுக்கித் தரேன். மொதல்லேர்ந்து அப்படியே செஞ்சு காட்டு.”

அன்றைக்குப் பெட்டியை மூடியவர்தான். அதன்பிறகு சின்னம்மா வேலையைக் கற்றுக்கொண்டார். சாமானைக் கையில் எடுத்தால் அதைச் செய்தவருக்குத் தோன்றாததையெல்லாம் செய்து பார்ப்பார். தலைகீழாகப் பிடிப்பார். அவசரத்தில் இருக்கும் ஒருத்தி எப்படி இழுப்பாளோ அப்படி இழுப்பார். குழம்புக் கையோடு தொடுவார். காதை வைத்துக் கேட்பார். கடைசியில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், பட்டறையே ஓடிவரும்.

ஒரே ஒரு முறை அவர் கை படாமல் ஒரு சாமான் வெளியே போனது. பிரசவத்துக்கு அவர் பிரிக்பீல்ட்ஸ் வந்திருந்த நேரம். தானாக உயரும் ஏணி ஒன்றை அவசரமாகக் கேட்டார்கள் என்று சித்தப்பாவே ஒரு கடைக்குக் கொண்டுபோய் ஏறிக் காட்டினார். ஏணி உயர்ந்தது. உச்சியில் உடைந்தது. ராதாகிருஷ்ணன் சித்தப்பா இன்றைக்கும் இடது காலை இழுத்துத்தான் நடக்கிறார். அதற்குப் பிறகு ‘கௌசலா உடைச்சாச்சா?’ என்று கேட்காமல் அந்த வீட்டில் ஒரு ஆணிகூட வெளியே போனதில்லை.

இப்போது வண்டி. அதைச் செய்தவள் ஷாமினி, ஜெயராஜ் பெரியப்பாவின் மகள், என் வயதுக்காரி. படிப்பை முடித்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. சாதாரண வண்டியில் பிரேக் என்பது சக்கரத்தில் போய் உரசும் மரக்கட்டை. உரசினால் ஓட்டம் வீணாகிறது. ஷாமினி மரக்கட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பிரேக்கை மிதித்தால் அந்த ஓட்டமே வடத்தைத் திரும்பவும் முறுக்கும்படி செய்துவிட்டாள். நின்று நின்று போகிற ஊர்ப்பாதையில் ஒவ்வொரு நிறுத்தமும் வடத்துக்குக் கொஞ்சம் தீனி. “ஜாமைத் தின்னு வளர்ற வண்டி!” என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். கிள்ளானில் ஒருமுறை முறுக்கினால் போதும், பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் எந்த நிலையத்திலும் நிற்க வேண்டாம்.

போக்குவரத்து வாரியம் திங்கட்கிழமை வந்து பார்க்கிறது. பிடித்துப்போனால் கிள்ளான் தடமே ஷாமினியின் வண்டிகளுக்கு. வண்டி திங்கட்கிழமை ஓடவில்லை என்றால் செலாயாங்கில் இன்னொரு பட்டறை தயாராக நிற்கிறது. ஆனால் சின்னம்மா இன்னும் உடைக்கவில்லை. உடையாத வண்டி போகாது.

நான் போய்ச் சேர்ந்தபோது குடும்பமே தன் சொந்த வண்டியை உடைக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தது. சிமெண்டு மூட்டைகளை ஏற்றிப் பார்த்துவிட்டார்கள். வெயிலில் நிறுத்தினார்கள். மீன் பாசாரிலிருந்து ஐஸ் கொண்டுவந்து வடத்தைச் சுற்றி அடுக்கினார்கள். மணலைக் கொட்டினார்கள். லோரி ஓட்டுகிறவர்களைக் கூட்டிவந்து கண்டபடி ஓட்டச் சொன்னார்கள். வண்டி சிரித்துக்கொண்டே நின்றது.

“பாரு வசு,” என்றாள் ஷாமினி என்னிடம், கண் சிவந்து. “சாமான் நல்லா இருக்குன்னு எந்த ஊர்லயாச்சும் திட்டுவாங்களா? எங்க வீட்ல திட்டுறாங்க.”

“திட்டல,” என்றார் சின்னம்மா, வண்டிக்கடியில் படுத்தபடி.

“நீங்க பேசாம இருக்கிறது திட்டுற மாதிரிதான் இருக்கு சின்னம்மா.”

சித்தப்பா காலை இழுத்துக்கொண்டு வந்தார். “கௌசி, நான் ஒன்னு சொல்றேன். அந்த சைடு கண்ணாடிய ஒரு தட்டு தட்டிரு. உடைஞ்சது உடைஞ்சதுதானே? புள்ள பாவம் லா.”

வண்டிக்கடியிலிருந்து பதில் வந்தது: “உங்க கால்ல தட்டட்டுமா?”

சித்தப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். சின்னம்மா வெளியே வந்து மண்ணைத் தட்டிவிட்டு ஷாமினியைப் பார்த்தார். அவளைத் தொட்டிலில் ஆட்டியவர் அவர். அந்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை காலையில் என்னைத் தேடி வந்தார். “இந்த வீட்ல ஒரு இடத்துல உக்கார முடியாதவ நீ ஒருத்திதான். வா, காய்கறி வாங்கப் போவோம். அந்த வண்டியிலயே போவோம்.”

“எதுக்கு?”

“சும்மா. சோதனைன்னு நினைச்சுப் போனா அதுவும் சோதனைக்குத் தயாரா நிக்குது. காய்கறி வாங்கத்தான் போறோம்னு நினைச்சுப் போவோமே.”

கிள்ளான் கடைத்தெருவான லிட்டில் இந்தியாவில் சனிக்கிழமைக் கூட்டம். மாரியாயி அக்கா கடைக்கு முன்னால் சின்னம்மா வண்டியை நிறுத்தினார். இருக்கையைவிட்டு இறங்காமலே ஜன்னல் வழியாகப் பேரம். மாரியாயி அக்கா கத்தரிக்காயை அள்ளிப் போட்டுக்கொண்டே, “என்ன கௌசலாக்கா, கூட யாரு இது? வெள்ளைக்காரன் ஊருக்கெல்லாம் போன பொண்ணா? கறுத்துப்போய்ல வந்திருக்கு!” என்றார்.

முன்னால் நின்ற லோரி நகர்ந்துவிட்டது. தெரு நீளத்துக்குக் காலியாகக் கிடந்தது. பேச்சு சுவாரசியத்தில் சின்னம்மா நகரவில்லை.

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுரோட்டில் ஒரு வண்டி நின்றால் வடம் தீர்ந்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். யார் எவர் என்று கேட்க மாட்டார்கள். நடந்து போகிறவர்கள் பையைக் கீழே வைத்துவிட்டு, பின்னால் கை கொடுத்து, அடுத்த முறுக்கு நிலையம் வரை தள்ளிவிட்டுப் போவார்கள். தள்ளாமல் கடந்து போகிறவனுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள். வேண்டாம் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “அக்கா, வடம் தீந்துருச்சா?”

“இல்ல லா, இருக்கு, இருக்கு!” என்றார் சின்னம்மா.

“கூச்சப்படாதீங்க அக்கா. பாஸ், வாங்க, ஒரு கை குடுங்க!”

நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். அப்பம் விற்கும் மலாய்க்கார மாமா அடுப்பை விட்டுவிட்டு வந்தார். ஒரு சீன ஆன்டி குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு தோள் கொடுத்தார். “சத்து, டுவா, தீகா… தொலாக்!” என்று மாமா மலாயில் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணித் தள்ளச் சொல்ல, எல்லோரும் தள்ளினார்கள். வண்டி அசைந்தது. திடுக்கிட்டுச் சின்னம்மா பிரேக்கை மிதித்தார்.

மிதித்தவர் அப்படியே இருந்தார். கண், முன்னால் இருந்த முள்ளில் நின்றது. வடம் எவ்வளவு முறுக்கேறியிருக்கிறது என்று காட்டும் முள் அது. வண்டி நத்தையாக ஊர, முள் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

பட்டறையில் யாரும் இந்த வண்டியைத் தள்ளியதே இல்லை. தள்ள வேண்டாத வண்டி என்பதுதானே அதன் பெருமை! தெரு ஜனங்கள் தள்ளுகிற பலமெல்லாம் பிரேக் வழியாக வடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

“அலாமாக், என்ன கனம்! பிரேக்ல கால வச்சிருக்கீங்களா அக்கா?”

சின்னம்மா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“ஆமா, வச்சிருக்கேன்! எடுக்க மாட்டேன்! தள்ளுங்க! நல்லாத் தள்ளுங்க! இன்னும் ஆளைக் கூப்பிடுங்க!”

பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். ஆனால் எங்கள் ஊரில் தள்ளச் சொன்னால் தள்ளுவார்கள். பூக்கடைக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மாரியாயி அக்கா கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தார். தேரோட்டம் மாதிரி ஆகிவிட்டது. “தொலாக்! தொலாக்!” என்று தெருவே கத்த, தெருக்கோடி வரைக்கும் வண்டி ஊர்ந்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. முறுக்கு நிலையங்களில் அந்தக் கோட்டுக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். முள் அதையும் தாண்டிப் போய்க் கடைசி ஆணியில் முட்டி நின்றது. எங்கள் காலுக்கடியில் வடம் ரீங்காரம் போட ஆரம்பித்தது.

“போதும்! எல்லாரும் ஒதுங்கிருங்க! தள்ளி நில்லுங்க!”

எல்லோரும் நடைபாதைக்கு ஏறினார்கள். சின்னம்மா காதைச் சாய்த்துக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். ரீங்காரம்தான். வேறு ஒன்றுமில்லை.

“ம்ஹும்,” என்றார், உதடு பிதுங்க. “அறுந்து போகல. அவ போட்ட வடம் அப்படி. சரி, வா போவோம்.” வடத்தை அவிழ்த்துவிடும் கைப்பிடியைத் தள்ளிவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

வண்டி எகிறியது. என் முதுகு இருக்கையில் போய் ஒட்டியது. மடியிலிருந்த கத்தரிக்காய்கள் பறந்தன. சின்னம்மா கைப்பிடியை இழுத்தார். அது வரவில்லை. அளவுக்கு மீறி இறுகிய வடம் அதைக் கவ்விக்கொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தார். கல்லை மிதித்தது போல் இருந்தது.

பிரேக் வேலை செய்ய வேண்டும் என்றால் வடத்தை இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். முறுக்க இடமில்லை. வடம் நிரம்பிவிட்டால் இந்த வண்டிக்குப் பிரேக்கே கிடையாது.

“வசு!” என்று கத்தினார் சின்னம்மா. பயத்தில் என்று நினைத்தேன். “வசு! உடைஞ்சிருச்சுடி! உடைச்சிட்டேன்!”

“சின்னம்மா, ரோட்டைப் பாருங்க!”

ஹார்னை அமுக்கியபடி நெடுஞ்சாலைக்குத் திரும்பினோம். திரும்பும் முனையில்தான் பட்டறை. வாசலில் ஷாமினியும் பெரியப்பாவும் எதையோ பேசிக்கொண்டு நின்றார்கள். சின்னம்மா ஜன்னலில் எட்டி, “உடைஞ்சிருச்சு! பின்னாடியே வாங்க!” என்று கூவினார். திரும்பிப் பார்த்தபோது ஷாமினி வாயைத் திறந்தபடி நின்றது தெரிந்தது, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

நெடுஞ்சாலையின் வலது ஓரத் தடத்தில் எப்போதும் கூட்டம் குறைவு. எல்லோருக்கும் நிலையத்தில் நிற்க வேண்டியிருப்பதால் இடது பக்கமாகவே ஒட்டிப் போவார்கள். சின்னம்மா வலதில் பிடித்துக்கொண்டார்.

“அந்தக் கைப்பிடிய ஒதை!”

உதைத்தேன்.

“நல்லா ஒதைடி! ஆறு வருஷம் ஊர் சுத்துன காலுதானே அது?”

உதைத்தேன், கால் வலித்ததுதான் மிச்சம். ஷா ஆலம் இறக்கத்தில் வேகம் இன்னும் கூடியது. காற்று கண்ணீரை வரவழைத்தது. சின்னம்மாவின் கொண்டை அவிழ்ந்து முடி பின்னால் பறந்தது. ஐம்பதைத் தாண்டியவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அடுத்த ஊரான பத்து தீகாவின் முறுக்கு நிலையத்துக்கு நின்ற வரிசை ரோட்டுக்கே நீண்டிருந்தது. கடைசியில் நின்ற பஸ் ஒன்று எங்கள் தடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. ஆட்கள் வெளியே இறங்கி நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“கத்து!”

நான் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே விட்டுக் கத்தினேன். தமிழில், மலாயில், நான் போன எல்லா ஊர்ப் பாஷையிலும் கத்தினேன். வெற்றிலை போட்டவர்கள் பஸ்ஸுக்குள் பாய்ந்தார்கள். சின்னம்மா புல்தரையில் இரண்டு சக்கரத்தை ஏற்றி, பஸ்ஸுக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நடுவில் வண்டியை ஊசியில் நூல் கோர்ப்பது போல் விட்டு எடுத்தார். பக்கக் கண்ணாடி ‘டமார்’ என்று போனது.

“சித்தப்பாவுக்குச் சந்தோஷம்!” என்றார் சின்னம்மா.

பெட்டாலிங் ஜெயாவைத் தாண்டும்போது ரீங்காரம் இறங்கியது. கைப்பிடி ‘கிளிக்’ என்று தானாக விட்டுக்கொடுத்தது. சின்னம்மா மெதுவாகப் பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார். பிடித்தது.

“நிறுத்திடுங்க சின்னம்மா.”

“நிறுத்தலாம்,” என்றார். பிறகு ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். “ஆனா எதுவரைக்கும் போகும்னு உனக்குப் பாக்கணும் போல இல்லையா?”

இருந்தது. போனோம்.

பிரிக்பீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு டீக்கடை வாசலில் வண்டி தானாக ஓய்ந்து நின்றது. இரண்டு தே தாரிக் சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். பக்கத்து மேசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. போக்குவரத்து வாரியத்தில் திங்கட்கிழமை வந்து பார்க்க வேண்டியவரே அவர்தான், வீரசிங்கம் அங்கிள். தாத்தாவின் பழைய நண்பர்.

“என்ன பிள்ளை, சிவேந்திரன்ட மகள்தானே? இது அந்த வண்டியா?” என்று சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றி வந்தவர் முன் கண்ணாடிக்கு எதிரில் நின்றுவிட்டார். நிலையத்தில் ஒவ்வொருமுறை முறுக்கும்போதும் அந்தக் கண்ணாடியில் ஒரு சீட்டு ஒட்டுவார்கள். எங்கள் கண்ணாடியில் ஒன்றுகூட இல்லை. “கிள்ளான்ல இருந்தா வாறீங்கள்? எங்கயும் நிக்காமலா?”

“எங்கயும் நிக்கல,” என்றார் சின்னம்மா. அதற்குமேல் சொல்லாமல் டீயை ஆற்றினார்.

பெரியப்பாவும் ஷாமினியும் பழைய வண்டியில் வழியெல்லாம் வரிசையில் நின்று வந்து சேர்வதற்குள் நாங்கள் வடையும் சாப்பிட்டு முடித்திருந்தோம். ஷாமினி ஓடிவந்து சின்னம்மாவைத் தலை முதல் கால் வரை தடவிப் பார்த்தாள். அதற்குள் வீரசிங்கம் அங்கிள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“மகள், திங்கக்கிழமை எதுக்கு? என்ட கண்ணாலயே பாத்திட்டேன். ஒருக்காலும் நிக்காம வந்திருக்கு. நாளைக்கே எழுதித் தாறன். செலாயாங்காரருக்கு நானே சொல்லிக்கொள்ளுறன்.”

பெரியப்பாவின் வாய் காது வரை போனது. ஷாமினி சிரிக்கவில்லை. அவள் சின்னம்மாவைப் பார்த்தாள்.

“உடைஞ்சிருச்சா?”

“உடைஞ்சிருச்சு. நிறைஞ்ச வடத்துல பிரேக்குக்கு எடமில்ல. கைப்பிடியும் கவ்விக்குது. ஜனங்க தள்ளினா நிறைஞ்சிரும்.”

அவ்வளவுதான் சொன்னார். மிச்சத்தை அவர் சொல்லவே மாட்டார் என்பது எனக்குப் புரிந்தது. அது ஷாமினியின் வண்டி. பெரியவர் கை இன்னும் அவள் கையைப் பிடித்திருந்தது.

“அங்கிள்,” என்றாள் ஷாமினி. குரல் கொஞ்சம் உடைந்தது, பிறகு நிமிர்ந்தது. “அது நிக்காம வரல. நிக்க முடியாம வந்திருக்கு.”

அவர் கையை விட்டார். வண்டியைப் பார்த்தார், இல்லாத பக்கக் கண்ணாடியைப் பார்த்தார், எங்கள் தலைமுடியைப் பார்த்தார். மெதுவாக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். “நான் கையெழுத்துப் போட்டிருப்பன்,” என்றார். “என்ட பேரப்பிள்ளையள் கிள்ளான் பஸ்லதான் பள்ளிக்கூடம் போகுதுகள்.”

“திங்கக்கிழமை வாங்க அங்கிள். நிக்கிற வண்டியா காட்டுறோம்.”

“ஒரு நாள்லயா?”

“எங்க உடையும்னு தெரியாமத்தான் இத்தனை மாசம் ஆச்சு,” என்றாள் ஷாமினி. “இப்ப தெரிஞ்சிருச்சுல்ல!” அப்போதுதான் சிரித்தாள். சின்னம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள். தெருவில் போனவர்கள் கல்யாணம் என்று நினைத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டறையில் இருந்ததைப் போல நான் எந்த ஊரிலும் இருந்ததில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஷாமினி வடத்தின் தலையில் தோல் பட்டை ஒன்றைப் பொருத்தினாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் பட்டை வழுக்கும், அதற்குமேல் முறுக்காது. பிரேக்குக்கு எப்போதும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும். சித்தப்பா ஒரு மூலையில் உட்கார்ந்து பேசாமல் மரக்கட்டை ஒன்றைச் செதுக்கிக்கொண்டிருந்தார்.

“அது எதுக்கு சித்தப்பா? அதைத்தான தூக்கிப் போட்டேன்?”

“உன் பிரேக்குக்கு ஒன்னும் ஆகாது. ஆச்சுன்னா இது இருக்கும். அழகா இல்லன்னா ஆட்டுக்கல்லுக்கு வச்சுக்கிறேன், போ.”

ஷாமினி வாங்கி மாட்டினாள்.

சாயங்காலம் சின்னம்மா தெருவில் உள்ள அத்தனை பேரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். மாரியாயி அக்கா தன் பங்காளிகள் அத்தனை பேரோடும் வந்தார். தள்ளினார்கள், சின்னம்மா பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார். கோட்டைத் தொட்டதும் வண்டிக்கடியில் தோல் ‘குர்ர்ர்’ என்று வழுக்கியது. முள் அங்கேயே நின்றது. இன்னும் தள்ளச் சொன்னார். குர்ர்ர். கைப்பிடியைத் தள்ளினார், இழுத்தார், வந்தது. எகிறிய வண்டியைப் பிரேக்கால் நிறுத்தினார். பிறகு பிரேக்கைத் தொடாமல் சித்தப்பாவின் கட்டையால் நிறுத்தினார். தலைகீழாகத் தொங்கிப் பார்த்தார். குழம்புக் கையால் பிடித்துப் பார்த்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

“போகட்டும்,” என்றார்.

திங்கட்கிழமை காலை வண்டி நிறைய ஆட்கள். வீரசிங்கம் அங்கிள் முன் இருக்கையில் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஷாமினி ஓட்டினாள். ஷா ஆலத்தில் ஒரு பெண் குழந்தையோடு குறுக்கே வந்தாள். வண்டி அமைதியாக நின்றது, அவள் கடந்தாள், வண்டி கிளம்பியது. பத்து தீகா வரிசையைத் தாண்டியபோது உள்ளே எல்லோரும் கை தட்டினார்கள். வரிசையில் நின்றவர்களில் சிலர் நம்பமுடியாமல் எழுந்து நின்று பார்த்தார்கள்.

ஷாமினி திரும்பிப் பார்த்தாள், யார் முகத்தைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. கடைசி இருக்கையில், ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, கௌசலா சின்னம்மா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அந்தக் குடும்பம் செய்த எதிலாவது அவர் காதைத் தீட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

“அய்யோ, இங்க எல்லாரும் கை தட்டுறாங்க, இவங்க தூங்குறாங்க பாரு!” என்றாள் ஷாமினி. “வசு, எழுப்பு லா!”

“நீ ஓட்டு,” என்றேன்.